பதிவேட்டில் எழுதாத கடி

மாலையில் வேலை முடிந்து மாரெட்பள்ளிக்குத் திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கூட்டம் நெரிசலாக நிற்கும். அங்கே மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். கார்பாலிக் சோப்பால் எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் குரங்கு வாடை போகாது. ஊரிலிருக்கும் உங்களுக்கு இது தெரியாது. 'ஹைதராபாத்தில் சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம்' என்பதுதான் திண்டுக்கல்லில் என்னைப் பற்றிய பேச்சு. அதைக் கேட்டுத்தான் ஜெசிந்தாவை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்பது குரங்குகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுகிறவன் நான் என்பது அவளுக்கே இங்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை. இருபத்தேழாம் எண் கூண்டில் தண்ணீர் டப்பாவை மாற்றிவிட்டு அவசரமாகக் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்த பெண்குரங்கின் வால் இடுக்கில் சிக்கியது. வலியில் திரும்பி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். தப்பு என்னுடையது. ஆனால் கடியைப் பதிவேட்டில் எழுதினால் அந்த மிருகத்தைக் கொன்று, வெறிநோய் இருக்கிறதா என்று மூளையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதுதான் விதி. அவளோடு வந்த சீட்டில் பிடித்த இடம் சிறுமலை என்று போட்டிருந்தது, எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. பகலெல்லாம் நான் தமிழ் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

உடன் வேலை செய்த காஜா பாய் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். "லிக்கோ பாய், சுப்பாவ் நக்கோ" என்றார். எழுதிவிடு, மறைக்காதே என்று அர்த்தம். டப்பா கீறியது என்றேன். நம்பாதவர் போல, "ஹவ்", சரி என்று தலையாட்டிப் போய்விட்டார்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெருநாய் கடித்ததென்று சொன்னேன். வயிற்றில் தினம் ஓர் ஊசி. ஒருநாள்கூடத் தவறக்கூடாது. பத்து நாள் நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் கம்பவுண்டர் கேட்டார்: "குத்தா ஜிந்தா ஹை?"

நாய் உயிரோடு இருக்கிறதா என்கிறார். யோசிக்காமல் "பிஞ்ஜரே மே ஹை" என்றேன், கூண்டில் இருக்கிறது என்று.

"குத்தே கு பிஞ்ஜரே மே கோன் ரக்தே மியான்?" நாயை யாரப்பா கூண்டில் வைப்பார்கள் என்று அவர் சிரித்தார். எனக்கு ஹிந்தி வராது என்று நினைத்திருப்பார்.

எட்டாம் ஊசியன்று சென்னையில் எனக்கு நேர்காணல் இருந்தது. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை. திண்டுக்கல்லில் பக்கவாதத்தில் படுத்திருந்த தன் அம்மாவிடம் மாதம் ஒருமுறையாவது போய் வரலாம் என்று ஜெசிந்தா அதற்காக நோன்பிருந்தாள். என் பெட்டியைக்கூட அடுக்கி வைத்துவிட்டாள். ஊசியை விட முடியாமல், லீவு கொடுக்கவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். வயிறு வீங்கிக் காய்ச்சல் அடித்தது; கடிபட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். வெறிநோய் கண்டால் தண்ணீர் இறங்காது என்பதால், காலையில் போனதும் இருபத்தேழு தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்ப்பேன். குடித்தாள். பத்து நாளும் குடித்தாள்.

சென்னை வேலை வேறொருவருக்குப் போனது. மூன்று மாதத்தில் தந்தி வந்தது. ரயிலேறி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாமியாரை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கம்மா கெடந்த கெடைக்கு, நீங்க அந்தக் கொரங்கு தண்ணி குடிக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள் ஜெசிந்தா. அழவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், பேச்சு இல்லை. பல மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் துணி மடித்தபடியே சொன்னாள்: "அத எனக்குக் காட்டுங்க."

ஆராய்ச்சிக்கூடத்தின் ஆண்டு விழாவன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். ஜெசிந்தாவையும் மகள் ரீட்டாவையும் குரங்குக் கொட்டடியின் வலைக்கு வெளியே நிறுத்தினேன். இருபத்தேழை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். மார்பில் ஒரு குட்டி தொங்கியது. அதன் கழுத்திலும் எண் வில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லி வந்தது அப்போது வாய்க்குள்ளேயே கசந்தது. அவள் இனி வெளியே போகப் போவதில்லை. ஓய்வு பெறும்வரை நானும்தான்.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஜெசிந்தா வலைக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டு, "சிறுமலையில எந்தப் பக்கம்டி நீ?" என்று கேட்டாள். குரங்கு குட்டியை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தது. அவளும் நகரவில்லை.

ரீட்டாவுக்கு வாடை தாங்கவில்லை. தன் பள்ளிக்கூடத் தெலுங்கில், "இண்டிக்கி போதாம் அம்மா" என்று சேலையை இழுத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று.

ஹைதராபாத்துக்கு வந்த ஏழு வருடத்தில் தெலுங்கில் ஒரு வார்த்தை பேசியறியாத ஜெசிந்தா, வலையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "உண்டு."

அந்த மொழியில் அதற்கு 'இரு' என்று பொருள்.