அண்ணன் எழுதிய தாளில் இரண்டாவது சாட்சி

அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், ஆம்பூரில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் தங்கை ஞானம்மாளின் ஸ்தோத்திரம். நான் படித்தவள் இல்லை. எழுத்துப் பிழைகளை அண்ணன் மகள் எஸ்தர் திருத்திக் கொடுத்தாள். வார்த்தையை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது நெமிலிப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு நிலம் கிடையாது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்து எங்களை அழைத்துவந்தார். எட்டாவதோடு அண்ணனும் அங்கேயே சேர்ந்தார். ஈரத்தோல் சுமந்து சுமந்து அவருக்கு வலது தோள் சற்று இறங்கியே இருக்கும். சட்டை தைக்கும் டெய்லர் அந்தப் பக்கத்தைத் தனியாக அளவெடுப்பார்.

பிறகு ஆம்பூருக்கு வந்து, தரம் பிரிக்கும் மேஜைக்கு உயர்ந்தார். பதனிட்ட தோலைக் கையால் தடவுவார், வெளிச்சத்தில் ஒருமுறை சாய்ப்பார், பின்பக்கம் பேனாவால் ஓர் அடையாளம் போடுவார். அவ்வளவுதான். அவர் போட்டதை முதலாளி மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார். வாங்க வருகிற வெளியூர்க்காரர்களும் அப்படித்தான். அண்ணன் கை பட்ட எழுத்துக்குச் சாட்சி கேட்டு ஒருவரும் வந்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன். சம்பள நாளில் கைநாட்டு வைப்பவர்களுக்குத் தனி வரிசை. "கைநாட்டெல்லாம் அப்பால நில்லு" என்பான் சூப்பர்வைசர். அண்ணனிடம் சொல்லி அழுதேன். மறுநாள் ஒரு துண்டுத் தோலில் என் பெயரைப் பெரிதாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு வேளையில் அதன் மேலேயே எழுதிப் பழகினேன். 'ஞா' வருவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. மற்ற எழுத்துகள் பிறகு மெல்ல மெல்ல வந்தன. அன்றிலிருந்து என் கட்டை விரல் மை தொட்டதில்லை. ரேஷன் கடை மெஷின் வேறு கதை.

அண்ணி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணன் மகன் சாமுவேலையும் எஸ்தரையும் நானே வளர்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அண்ணனும் நானும் சேர்ந்து வளர்த்தோம். சாமுவேல் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். எஸ்தர் வேலூரில் நர்ஸ்.

இப்போது சொந்தத்துக்குள் நடக்கும் பேச்சுக்கு வருகிறேன். தங்கைக்கு ஒன்றும் எழுதிவைக்காமல் அண்ணன் போய்விட்டார் என்கிறார்கள் சிலர். எழுதியதை சாமுவேல் மறைத்துவிட்டான் என்கிறார்கள் சிலர். இரண்டும் பொய்.

மூச்சுத்திணறல் ஜாஸ்தியான சமயம், ஒரு காலையில் அண்ணன் வெள்ளைத்தாள் கேட்டார். கட்டிலில் சாய்ந்தபடி தானே எழுதினார். அதை டிரஸ்ட் என்றுதான் சொன்னார். வாசித்தும் காட்டினார். தன் காலத்துக்குப் பின் வீடு சாமுவேலின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவன் பொறுப்பாளன் மட்டுமே. தங்கை உயிரோடு இருக்கும்வரை அங்கேதான் இருப்பாள், அவளை யாரும் வெளியேற்றக் கூடாது. அதன் பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சமம். இவ்வளவுதான் அதில். ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிய வேண்டாமா என்று கேட்டேன். தன் எழுத்தை அடையாளம் தெரியாதவர் யார் என்று திருப்பிக் கேட்டார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்வீட்டு வாத்தியார் வந்து, அண்ணன் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துத் தானும் போட்டார். இன்னொருவர் கரீம் பாய், அண்ணனோடு ஷாப்பில் வேலை செய்தவர். அவர் வரும் பஸ் தாமதமாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளியாளுக்கு எதுக்குண்ணா காத்துக்கினு இருக்கணும்? எனக்குக் கையெழுத்து போடத் தெரியாதா?" என்றேன்.

அண்ணன் சிரித்தார். "போடும்மா. உன் கையெழுத்தை எவன் அசைக்கப்போறான்?"

போட்டேன். 'ஞா' அன்றைக்கு அழகாக வந்தது. கால் மணி நேரம் கழித்துக் கரீம் பாய் வேர்க்க வேர்க்க வந்தார். "இன்னா தங்கச்சி, எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டியே. டீயாவது குடு" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தோம்.

கடைசிப் பத்து நாள் அண்ணன் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். போர்வை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கிடந்தார், தோல் பார்ப்பதைப் போல. எஸ்தர் பக்கத்தில் இருக்கும்போது உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த மாதம் சாமுவேலே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்களையும் வக்கீலிடம் கூட்டிப்போனான். வக்கீல் நிதானமாகப் படித்தார். வீட்டை உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் ஆக்குவதென்றால் பதிந்திருக்க வேண்டும், அதனால் டிரஸ்டாக இது நிற்காது என்றார். ஆனால் தன் காலத்துக்குப் பின் என்று எழுதி, இரண்டு சாட்சிகளும் போட்டிருப்பதால் உயிலாக நிற்குமாம். வெள்ளைத்தாள், கையால் எழுதியது என்பதெல்லாம் குறையே இல்லையாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இந்த ரெண்டாவது சாட்சி ஞானம்மாள் யாரு?" என்றார்.

"நான்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"வீட்ல இருக்கலாம்னு எழுதியிருக்கற தங்கச்சி?"

"அதுவும் நான்தான்."

"நீங்க போட்டிருக்கக் கூடாதும்மா" என்றார்.

கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் அப்படியாம். உயிலில் சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் கொடுத்தது சேராது. மற்றதெல்லாம் நிற்கும், என் பங்கு மட்டும் விழுந்துவிடும். இந்துக் குடும்பமாக இருந்தால் இந்தத் தடை கிடையாதாம். கரீம் பாய் போட்டிருந்தால், என்று எஸ்தர் இழுத்தாள். அவர் போட்டிருந்தால் ஒரு பேஜாரும் இல்லை என்றார் வக்கீல்.

ஆகவே அண்ணன் என்னைக் கைவிடவில்லை. சாமுவேலும் எதையும் மறைக்கவில்லை. கால் மணி நேரம் காத்திருக்க மாட்டேன் என்றது நான். இனி இதில் வேறு யாரையும் பேச வேண்டாம்.

நான் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம் என்று தன் பாதிக்கு எழுதிக் கொடுப்பதாக எஸ்தர் அங்கேயே சொன்னாள். சாமுவேல், "இருங்க அத்தை. இப்ப இன்னா அவசரம்?" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த அவசரம் என்கிற வார்த்தையை இத்தனை மாதமாக மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் யாரோ இரண்டு பேர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், ஜெபித்த சர்ச் ஐயருக்கும், எதிர்வீட்டு வாத்தியாருக்கும் நன்றி. கரீம் பாய் இன்றும் என்னைப் பார்த்தால் அந்த பஸ்ஸைத்தான் திட்டுகிறார். அவருக்கும் நன்றி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கிழிக்காமல் வக்கீல்வரை கொண்டுபோன சாமுவேலுக்குப் பெரிய நன்றி.

தாளில் என் வரி விழுந்துவிட்டது. அதற்கு மேல் வரியில் அவனைப் பொறுப்பாளன் என்று அண்ணன் எழுதியது அப்படியே நிற்கிறது. அதை நான் அவனுக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியும்.

ஞானம்மாள்
ஆம்பூர்