பாதை இல்லாத நிலம்

அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று ஊரில் சின்னவரைக் கேலி செய்வார்கள். மழை வருமா என்று கேட்டால்கூட, “இருங்க, அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்” என்பாராம். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அப்பா செத்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. சோறு போட்டு ஆளாக்கியவர் அண்ணன் பெரியவர்தான். அந்த நன்றியைச் சின்னவர் ஒருநாளும் மறக்கவில்லை. மறந்திருந்தால் பிழைத்திருப்பார்.

அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, ரோட்டை ஒட்டிய முன்பாதி பெரியவருக்கு, பின்பாதி சின்னவருக்கு என்று முடிவாயிற்று. பின்பாதிக்கு இரண்டு பக்கம் பிறத்தியார் நிலம், ஒரு பக்கம் ஓடை. வண்டி உள்ளே போக வேண்டுமானால் அண்ணன் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சின்னவரின் மனைவி மட்டும் சமையற்கட்டு வாசலில் நின்று மெல்லக் கேட்டாள்.

“ஏங்க, வண்டிப் பாதையையும் பத்திரத்துல எழுதிடச் சொல்லுங்களேன்.”

பெரியவர் காதில் விழுந்துவிட்டது. “எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல பாதைக்குப் பத்திரமா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சின்னவருக்கு மானமே போனது போலாகிவிட்டது. எல்லார் எதிரிலும் மனைவியை அதட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அப்புறம் பல வருஷம் வண்டி போய் வந்துகொண்டுதான் இருந்தது. தக்காளியில் சின்னவர் ஒரு வருஷம் கையைச் சுட்டுக்கொள்வார், மறு வருஷம் தேறிவிடுவார். இந்த முறை காய்ப்பு அள்ளிக்கொண்டு வந்தது. மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடலாம் என்று வீடே பூரித்துப் போயிருந்தது. பறிப்புக்கு வேனைக் கூட்டிக்கொண்டு போனவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். முன்பாதியைச் சுற்றிக் கம்பி வேலி. இரும்பு கேட்டில் புதுப் பூட்டு.

அண்ணன் வீட்டுக்கு ஓடினார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“வித்துட்டீங்களா அண்ணே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நல்ல விலை வந்துச்சுடா. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவே.”

“நான் எப்படி உள்ள போறது?”

“வாங்கினவர் நல்ல மனுஷன். போய்ப் பேசிப் பாரு.”

அந்த நல்ல மனுஷன் போனையே எடுக்கவில்லை. தக்காளி காத்திருக்குமா? புருஷனும் பெண்டாட்டியும் மகளுமாகக் கூடைகளைத் தலையில் ஏற்றி, ஓடைக்கரை முள் காலைக் கிழிக்க, சுற்றி வந்து ரோட்டில் சேர்த்தார்கள். கூடையின் அடியில் இருந்தவை நசுங்கிக் கூழாகிவிட்டன. செடியில் நின்றதில் முக்கால்வாசி அழுகிப் போனது. அடுத்த போகத்துக்கு உழ டிராக்டரும் உள்ளே வர வழியில்லை, நிலம் தரிசாகக் கிடந்தது. சோம்பேறிகள்தான் ஏழையாகிறார்கள் என்று பேசுகிற மகானுபாவர்கள் அந்தக் கரையில் ஒரே ஒரு கூடை சுமந்துவிட்டு வந்து பேசட்டும்.

கடைசியில் வாங்கினவரே வீடு தேடி வந்து, பின்பாதியையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். சின்னவர் முகம் சுண்டியதைப் பார்த்துச் சமாதானம் வேறு சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க. இதுவும் சேர்ந்து வரும்னுதான் முன்னாடி இருக்கறதுக்கு அவ்வளவு குடுத்தேன். உங்கண்ணன்தான் சொன்னாரு, பாதையை அடைச்சுட்டுப் பேசாம இருங்க, தம்பி தானா வந்து குடுத்துடுவான்னு.”

சின்னவருக்குக் காது அடைத்துக்கொண்டது. சொல்லாமல் விற்றதைக்கூட அவர் மனசுக்குள் மன்னித்திருந்தார். இது கழுத்தறுப்பு. அதுவும் கூடப் பிறந்தவன் செய்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார், கோர்ட்டு, கேஸ் என்று இழுக்கக் கையில் காசு இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. மகள் துணிக்கடையில் வேலைக்கு நின்றாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியவர் ஆறுதல் சொல்ல வந்தார். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “விடுடா, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார்.

சின்னவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். “முன்பாதிக்கு நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கு, நேரா இங்க வந்துதானே சாப்பிட்டீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“நான்தான் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் போடுடான்னு கேட்டு வாங்கினீங்க.” சின்னவர் இப்போதுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தார். “வயிறு நிறைஞ்சுதா அண்ணே?”

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.