ஆர்லிஸ் எடுத்துக்கொடுத்த வசனம்

மினசோட்டா மாநிலத்தின் ஸ்டோர்டால் உயர்நிலைப் பள்ளி நாடகங்களுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் வசனம் எடுத்துக்கொடுத்த ஆர்லிஸ் ட்வைட், ஒருமுறைகூடப் பார்வையாளர் கண்ணில் படும்படி மேடையேறியதில்லை. பக்கத்திரைக்குப் பின்னால் இருந்த முக்காலியே அவளுடைய இடம். அதில் அவள் முதன்முதலாக அமர்ந்தது 1958 பிப்ரவரியில். அப்போது வயது பதினேழு.

அந்த ஆண்டு இறுதி வகுப்பு மாணவர்கள் போட்டது மூன்று அங்கத் துப்பறியும் நகைச்சுவை நாடகம். துப்பறிவாளனாக நடித்தவன் லைல் பிரெக்கி. ஆறடி இரண்டங்குல உயரம், ஊரே கேட்கும் குரல், ஓட்டைப் பானை போன்ற நினைவாற்றல். நான்கு வார ஒத்திகைக்குப் பின்பும் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது "வணக்கம்" ஒன்றுதான். மற்றவை எல்லாம் ஆர்லிஸின் வாயிலிருந்து அவன் காதுக்கும், காதிலிருந்து நேராக வாய்க்கும் போயின. நடுவில் மூளையில் தங்குவதில்லை.

ஒருநாள் ஒத்திகையில் அவனது ஒட்டுமீசை கழன்று தொங்கியது.

"மீசை விழுது, பிடி!" என்று ஆர்லிஸ் கிசுகிசுத்தாள்.

லைல், கதாநாயகி ஜனெல் சோரமின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, "மீசை விழுகிறது, பிடி!" என்று கம்பீரமாக முழங்கினான்.

"நான் எதுக்குடா புடிக்கணும்? ஒன் மீசைதானே!" என்றாள் ஜனெல்.

நாடகத்துக்கு அடுத்த சனிக்கிழமை நடன விழா. அந்த ஒரு விழாவுக்கு மட்டும் பெண்கள்தாம் ஆண்களை அழைக்க வேண்டும். பையன்கள் வாய் திறக்கக் கூடாது. சாடை காட்டுவதுகூட இழுக்கு. அழைத்த பெண் பூவுக்குப் பதிலாகத் தன் கையாலேயே காய்கறிச் செண்டு கட்டி, அவன் சட்டையில் குத்திவிட வேண்டும். ஆர்லிஸ் தன் வீட்டு நிலவறையிலிருந்து மூன்று நல்ல காரட்டுகளை எடுத்துத் தனியே வைத்திருந்தாள். யாருக்கு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிறர் வசனம் என்றால் அவள் நாக்கு தடங்கலின்றி ஓடும்; சொந்த வசனம் தொண்டைக்குழியைத் தாண்டாது. லைலிடம் நான்கு முறை போனாள். நான்கு முறையும் "இன்னைக்கு ரொம்பக் குளிர்ல்ல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மினசோட்டாவில் பிப்ரவரியில் அது ஒரு கேள்வியே அல்ல.

நாடகத்தன்று ஒப்பனை அறையில் ஜனெல் அறிவித்தாள்: "திரை விழுந்த ஒடனே லைலைக் கூப்பிடப் போறேன். இந்த வேஷத்தோடயே. ஆர்லிஸ், நீ யாரைக் கூப்பிடற? குளிரையா?"

பிற்பகல் ஒன்றரை மணிக்கு நாடகம் தொடங்கியது. மாலைப் பால்கறவைக்குள் முடியாத கலை எதையும் ஸ்டோர்டால் மக்கள் ஆதரிப்பதில்லை. கூடைப்பந்துத் தளத்தில் மடக்கு நாற்காலிகள் நிரம்பின. மூன்றாம் வரிசையில் ஆர்லிஸின் தந்தை ஹால்வர் ட்வைட் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் தம் வாழ்நாளில் வழங்கிய உச்சப் பாராட்டு "பரவாயில்லை" என்பது.

இரண்டு அங்கங்கள் பழுதின்றி நடந்தன. மூன்றாம் அங்கத்தின் முடிவில், முத்துமாலைத் திருடனை அறிவிக்க வேண்டிய இடத்தில், லைல் வழக்கம்போல் பக்கத்திரையை நோக்கிக் காதைச் சாய்த்தான். திரை விழ இன்னும் இரண்டு பக்கம். ஆர்லிஸ் நூலைப் பார்த்தாள்; ஜனெலைப் பார்த்தாள்; பிறகு நூலை மூடினாள்.

"அதற்கு முன் ஒரு வார்த்தை" என்று கிசுகிசுத்தாள்.

"அதற்கு முன் ஒரு வார்த்தை!" என்றான் லைல்.

"ஆர்லிஸ் ட்வைட் என்னை நடன விழாவுக்கு அழைத்தால்..."

"ஆர்லிஸ் ட்வைட் என்னை நடன விழாவுக்கு அழைத்தால்..."

"நான் மறுக்கமாட்டேன்."

"நான் மறுக்கமாட்டேன்!" மார்பில் அடித்துக்கொண்டு சொன்னான்.

ஜனெல் இடுப்பில் கைவைத்து, "ஆர்லிஸா? இந்த மாளிகையில் அப்படி ஒருத்தியும் கிடையாதே!" என்றாள். மடக்கு நாற்காலிகள் கிறீச்சிடும்படி கூட்டம் சிரித்தது. சொன்னது இன்னதென்று அப்போதுதான் லைலின் முகத்துக்கு எட்டியது. ஆர்லிஸ் பதறி நூலைத் திறந்து, "திருடியவன் சமையல்காரன்!" என்று கத்தியே விட்டாள். அதை அவன் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

திரை விழுந்தது. நாடகத்தை இயக்கிய ஆசிரியை மிஸ் உல்வெஸ்டாட் தம் பிரதியைப் புரட்டியபடி வந்தார்.

"ஆர்லிஸ், அந்த வசனம் எத்தனாவது பக்கம்?"

"உங்க பிரதியில விட்டுப்போயிருக்கும் டீச்சர்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இருமலோ சிரிப்போ என்று தெரியாத ஒன்றைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டு போனார்.

பிறகு லைல் வந்தான். மீசை ஒரு பக்கம் தொங்கியது. அவனுக்குப் பின்னால் ஜனெல்.

"இவ இன்னும் கேக்கவே இல்ல" என்றாள் ஜனெல். "பத்து வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் நான் கேட்டுருவேன். ஒண்ணு... ரெண்டு..."

ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். "இன்னைக்கு ரொம்ப..."

"குளிர் வேண்டாம்" என்றான் லைல்.

"ஆறு... ஏழு..."

லைல் குனிந்து, அவள் காதருகே, அவள் பேசும் அதே கிசுகிசுப்பில் சொன்னான்: "சனிக்கிழமை என்கூட டான்ஸுக்கு வர்றியா?"

"சனிக்கிழமை என்கூட டான்ஸுக்கு வர்றியா?" என்றாள் ஆர்லிஸ்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல" என்றான் லைல்.

அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள். திரைக்கு அப்பால் காபி குடித்துக்கொண்டிருந்த பார்வையாளர்களின் கோப்பை ஒலி நின்றது. அந்த அமைதியில் ஹால்வர் ட்வைட்டின் குரல் தெளிவாக வந்தது: "பரவாயில்லை."

காரட், முள்ளங்கி, வெங்காயத்தாள் செண்டுடன் லைல் அவளோடு ஆடினான். அவள் கால்விரல்களை ஏழு முறை மிதித்தான். மூன்றாவது பாட்டுக்குள் காரட்டுகளையும் தின்றுவிட்டான்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவன் மணந்துகொண்டது ஜனெலை. மணமேடையில், போதகர் முன்னிலையில், உறுதிமொழியின் நடுவில் நின்றுவிட்டான். காது தானாக இரண்டாம் வரிசைப் பக்கம் சாய்ந்தது. அங்கே அமர்ந்திருந்த ஆர்லிஸ் எடுத்துக்கொடுக்க எழுந்து வாயைத் திறந்தாள்.

மணப்பெண் முக்காட்டை விலக்கித் திரும்பினாள்.

"புஸ்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லுடி!"