ஒரு கை பாக்கெட்டில்

என் கணவர் வேலை செய்வதை முதல்முறை பார்க்கிற யாரும் அவரைச் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள், சிம்பாங் ரெங்கத்து வீட்டின் பின்னறையில் ஒரு பழைய கிட்டார் அம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வலது கை மட்டும் உள்ளே எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் சொகுசாக இருந்தது.

"அந்தக் கைக்கு இன்னிக்கு லீவா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலை விஷயத்தில் அவருக்குக் கிண்டல் பிடிக்காது. டியூப் வைத்த பழைய பெட்டிகளுக்குள் ஓடுகிற மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிடக் கடுமையானது என்று விளக்கினார். இரண்டு கைகளும் உள்ளே இருக்கும்போது தவறிப் பட்டுவிட்டால், ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்குமாம். ஒரு கையை ஒதுக்கி வைத்துவிட்டால் நெஞ்சுப் பக்கம் போக அதற்கு வழி குறைவு. "கரண்டு ஓடுறப்போ ஒரு கை வீட்டுல இருக்கணும்," என்றார். பாக்கெட்டைத்தான் அவர் வீடு என்று சொல்வார்.

அப்படி ஓயாமல் கை போய்வந்ததில் அந்தச் சிலுவாரின் இடது பாக்கெட் கிழிந்துபோனது. அப்போது நான் செனாயில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் சோல்டரிங் லைனில் இருந்தேன். பழசாகிப்போன நீல யூனிஃபார்ம் ஒன்றை வெட்டி, புதுப் பாக்கெட்டாக உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சிலுவார் வெளுத்தாலும் அவர் அதை விடவில்லை. வேலை என்றால் அந்தச் சிலுவார்தான்.

பகலில் ஏர்கான் பழுது பார்ப்பார். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பின்னறை. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் வாசித்தவர்கள், தேவாலயத்தில் வாசிக்கிறவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் என்று பலரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செத்துக் கிடக்கும் பெட்டிக்கு உயிர் கொடுப்பதோடு, கேட்டால் கூடுதலாக ஒரு திருகும் வைத்துத் தருவார். அதைக் குறைத்து வைத்தால் அதே சூடான சத்தம் மெதுவாக வரும். வரிசை வீட்டில் குடியிருக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் வாசிக்கலாம். சோல்டரிங் மட்டும் என்னுடையதைப் போல அவருக்கு வராது. அதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். கால் பாதி திரும்பி வந்தது. இடது கை வரவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் தன் சாமான்களுக்கு அவரே பொட்டு வைப்பார். இந்த வருஷம் விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. பின்னறையைக் கூட்டித் துடைத்து, மீட்டருக்கு, ஸ்க்ரூ டிரைவருக்கு, சோல்டரிங் கம்பிக்கு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினேன். எந்தச் சாமியும் பாக்கி இல்லாமல் வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக வந்தார். கைலியைக் கட்டிக்கொண்டு, கூடத்தில், பின்னறைக்கு முதுகைக் காட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தார். சிலுவார் போட்டுவிடுகிறேன், கோயிலுக்குப் போய் வரலாம் என்றால், "எங்கே போறதுக்கு?" என்பார். நான் எண்ணெய் தேய்த்து நீவிவிடும்போதுகூட அந்தக் கையைப் பார்க்க மாட்டார். கை என்றும் சொல்ல மாட்டார். "அதைத் தூக்கித் தலகாணி மேல வை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். அறையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது, யோங் பெங்கில் இருந்து ஒரு வயதான சீனர் கொண்டுவந்த பெட்டி. பாதி வேலையில் முதுகுப் பலகை கழற்றப்பட்டு, வயிறு திறந்து கிடந்தது.

சீனப் பெருநாளுக்கு முன்னால் அந்தப் பெரியவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பெட்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இவராகத்தான் ஆரம்பித்தார். பெரியவருக்குப் புரியக்கூடாது என்று தமிழில் என்னிடம், "அதை அப்படியே தூக்கி அவர் கார்ல வை. இத்தோட அந்த ரூமையும் காலி பண்ணிடு," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அறையைக் காலி பண்ணிவிட்டால் இந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் அந்த நாற்காலியில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் பக்கம் திரும்பி மலாயில் சொன்னேன்: பெருநாள் கொண்டாட்டமெல்லாம் முடிந்ததும் வாருங்கள், பெட்டி பாடும்.

"பெலான்-பெலான் லா, அவசரமே இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் போனார். இவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

மறுநாள் மதியம் சமையலை முடித்துவிட்டுப் பின்னறைக் கதவை விரியத் திறந்து வைத்தேன். பெட்டிக்குள் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை அவர் முன்பே கழற்றிவிட்டிருந்தார். புதியவை ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் பற்ற வைப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "என்னங்க, இந்த மஞ்சள் ஒயர் எங்கே போகுது?" என்று கத்துவேன். டிவி சத்தம் கூடும். நானே கண்டுபிடிப்பேன். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள், முதல்முறை உயிர் கொடுக்கும்போது அவர் செய்வதைப் போலவே, நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து மின்சாரம் கொடுத்தேன். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். நைட்டிக்கு ஏது பாக்கெட்? இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். பல்பு ஒரு தரம் மின்னி மங்கியது. டியூப்கள் மெல்லச் சிவந்தன. ஸ்பீக்கர் 'ம்' என்றது. நான் நின்ற இடத்திலேயே சாமி கும்பிடப் போன நேரத்தில், கொதிக்கிற எண்ணெயில் வடை போட்டதுபோல் சடசடவென்று ஒரு இரைச்சல்.

அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி வடை.

கூடத்தில் டிவி சத்தம் நின்றது.

"மூணாவது சாக்கெட்," என்று குரல் வந்தது. "அங்கே ஈரம் இருக்கு. ஆஃப் பண்ணு, பிளக்கைப் பிடுங்கு, மிச்சக் கரண்டை இறக்கிட்டு என்னன்னு பாரு."

அவர் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது டியூப்பின் காலடியில், பழைய சாக்கெட்டின் நிறத்திலேயே காய்ந்து, நடுவில் மங்கிய சிவப்போடு ஒன்று ஒட்டியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்து கிடந்த வயிற்றைப் பார்த்து, இதுவும் ஒரு நோயாளிதானே என்று பாவப்பட்டு, பூஜை அன்று கையை உள்ளே விட்டு வைத்தது நான்தான். காய்ந்த பிறகும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"என்ன இருக்கு?" என்றார்.

நான் டார்ச்சை அணைத்தேன்.

"என்ன இருக்குன்னு கேட்டேன்."

"பொட்டு," என்றேன்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தோள் குலுங்கியது. "அலமாக்! சாக்கெட்டுக்கே சந்தனமா? அது வாய்ல கொழுக்கட்டை வைக்கலையா?" என்று சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் பொட்டைத் துடைத்தேன்.

கரண்டை ஓடவிட்டு அளந்து பார்க்க ஸ்டூலில் உட்கார்ந்தார். மீட்டரின் கறுப்பு ஒயரைப் பெட்டியின் இரும்பில் மாட்டச் சொல்லிவிட்டு, சிவப்பு முனையைத் தானே வலது கையில் எடுத்துக்கொண்டார். நான் சுவிட்சைத் தொடப் போனேன்.

"இரு."

இடது கை மேசை மேல், இரும்புச் சட்டத்தை ஒட்டிக் கிடந்தது. அங்கே பட்டால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சிவப்பு முனையை வைத்துவிட்டு, வலது கையால் இடது கையைத் தூக்கி இடுப்புப் பக்கம் கொண்டுபோய், பழக்கத்தில் பாக்கெட்டைத் தேடினார். கைலிக்கு ஏது பாக்கெட்?

அப்படியே உட்கார்ந்திருந்தார். போச்சு, எழுந்து அந்த நாற்காலிக்கே போய்விடப் போகிறார் என்று நான் பயந்தேன்.

"என் சிலுவாரை எடுத்துட்டு வா," என்றார்.

ஓடினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்தார். இடுப்பில் தொளதொளவென்று இருந்ததை இழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டேன். அவர் கையை எடுத்து, என் பழைய யூனிஃபார்ம் துணிக்குள், மடங்கிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி உள்ளே விட்டேன்.

"என் கை உள்ளே போயிடுச்சா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போயிடுச்சுங்க," என்றேன்.

"சரி. சுவிட்சைத் தட்டு."