ரங்கூன், ரங்குன், ரங்கும்

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கும் கோபிகிருஷ்ணனுக்கு, இந்த ஊரின் பெயர் ஐரோப்பா முழுக்க எப்படியெல்லாம் வழங்குகிறது என்று தெரியும். நான் நூருன்னிசா. கீழே வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறேன். மேலே போகிறவர், கீழே வருகிறவர் எல்லோரும் என் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் டூரிஸ்ட் கைடாக இருந்தார். சூலே பகோடா எதிரில் வெள்ளைக்காரர்களை நிறுத்திவைத்து, எந்த நாடு என்று முதலில் கேட்பார். ஜெர்மன்காரர் என்றால் "ரங்குன்" என்று சட்டென்று முடிப்பார். ஸ்பெயின்காரர்களுக்கு அதையே கடைசியில் அழுத்திச் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களிடம் மூக்கால் தொடங்கி "ராங்கூன்". போர்ச்சுகலிலிருந்து வந்தவர்களுக்கு "ரங்கும்" என்று மூக்கிலேயே முடிப்பார். தங்கள் பாட்டன்மார் சொன்ன பெயரை லுங்கி கட்டிய கறுத்த மனிதர் சொல்கிறாரே என்று அவர்கள் சிரித்துக் கை கொடுப்பார்கள். அதன் பிறகு நாள் முழுக்க அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போவார்கள். த்வாண்டேயில் பானை செய்கிற இடத்தில் ஊருக்குக் கொண்டுபோக உடையாத சாமான் ஒன்று தேடி அலைவார்கள்.

பிறகு கதை வரும். இது முதலில் டகோன். பர்மா ராஜா பிடித்துக்கொண்டு, பகை தீர்ந்தது என்ற அர்த்தத்தில் யாங்கோன் என்று பெயர் வைத்தார். அதன் முதல் எழுத்தை அரக்கான்காரர்கள் இன்றைக்கும் 'ர' என்றுதான் சொல்கிறார்கள். கப்பலில் வந்தவர்களும் அப்படியே கேட்டு ரங்கூன் என்று எழுதிக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. எண்பத்தொன்பதில் அரசாங்கம், இனி உலகம் முழுக்க யாங்கோன் என்றே எழுத வேண்டும் என்றது. நம் ஆட்கள் யார் கேட்டார்கள்? நமக்கு இன்றும் ரங்கூன்தான். பகை தீர்ந்த ஊராம். பெயர் வைத்தவர் வந்து பார்க்கட்டும், இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பெயர் சரி என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் இந்த ஊர் திரும்பிப் பாக்கும்."

அவருடைய ஒரே மகன் சொக்கன். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் சோ மின். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டில் ஒன்று, வெளியே பர்மியப் பெயர் ஒன்று. தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் பர்மியம்தான். அப்பாவை அபே என்பான். சின்ன வயதில் மாடிப்படி இறங்கும்போது படிக்கு ஒன்றாக ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு குதிப்பான். கடைசிப் படியில் "ரங்கும்" என்று சொல்லி என் இட்லித் தட்டு ஆடும்படி விழுவான். நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டுவேன்.

முதலில் கொரோனா வந்தது, அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு எந்தப் போர்ச்சுகல்காரர் வருவார்? கோபி லத்தாவில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் வேலைக்குப் போனார். சொக்கன் லைங் தாயாவில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்து, துணி வெட்டும் பிரிவில் நல்ல பேர் வாங்கினான். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும் எல்லாம் கெட்டது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன்கள் வீடு திரும்புவதில்லை என்று பேச்சு. அவன் அம்மா ரேவதி சாப்பிடுவதை விட்டாள். கடைசியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்துத் தாய்லாந்துப் பக்கம் அனுப்புவது என்று முடிவானது. போகிற அன்று என் கடையில் ஆறு இட்லி சாப்பிட்டான். கைகழுவிவிட்டு, "ரங்கும், டோஜீ" என்றான். டோஜீ என்றால் பெரியம்மா. நான் திட்டினேன், வேறு என்ன செய்வது.

எங்கள் கட்டடத்தில் அப்போது ஒரு வழக்கம் வந்திருந்தது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்து எந்தப் பையனைக் கேட்டாலும், அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அடிபட்டுக் கிடக்கிறான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்லி, வீட்டில் பையன் இருக்கிறானா, ஓடிவிட்டானா என்று நோட்டம் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் அழுது ஒப்புக்கொண்டார்கள். பையன் இல்லையென்று தெரிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் இது பாடமானது. சொக்கனும் புறப்படும் முன் அப்பாவை உட்காரவைத்து அதைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபி என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பர்மியத்தில் ஒரு இளைஞன் குரல். எனக்கும் கேட்டது.

"தெட் பைங்கோட அப்பாவா?"

"அப்படி யாரும் இல்ல. ராங் நம்பர்."

"ரொம்ப ஜுரமா இருக்குங்க. அப்பாகிட்ட பேசணும்னு சொல்றான். இந்த நம்பரத்தான் சொன்னான்."

கோபி என்னைப் பார்த்தார். "எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?"

"ஊர் பேரு சொல்லக்கூடாதுங்க" என்றான்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. "எனக்குப் பிள்ளையே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். லுங்கியில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டார். "யார் வீட்டுப் பையன் பேரோ. நோட்டம் பாக்கறானுங்க அக்கா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அதே குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை தாய்லாந்து நம்பர். அப்போதும் அவர் என் கடையில்தான் இருந்தார். எதுவும் பேச வேண்டாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தார்.

"வச்சிடாதீங்க. உங்களுக்குப் பிள்ளை இல்லன்னு சொன்னீங்க, தெரியும். நான் இப்ப பத்திரமான இடத்துல இருக்கேன். யார்கிட்டயாவது சொல்லணும்" என்றான் அவன். ஜுரத்தில் கிடந்த பையனுக்கு ஏஜெண்ட் வேறொருவனுடைய அடையாள அட்டையைக் கொடுத்து, வழியில் எல்லோரிடமும் அந்தப் பெயரையே சொல்லச் சொல்லியிருந்தானாம். கூட வந்தவர்களுக்கு அவன் தெட் பைங் மட்டும்தான். காட்டில் மலேரியா. "அன்னைக்கி போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். நீங்க பிள்ளையே இல்லன்னு சொன்னதும் சிரிச்சான். சரியாச் சொல்றாருன்னான். அப்ப ராங் நம்பர்தான் போலன்னு நான் விட்டுட்டேன். மறுநாள் போயிட்டான். அதுக்கு முந்தின ராத்திரி பூரா ஒரே ஊர் பேரத்தான் விதவிதமா சொல்லிக்கிட்டிருந்தான். ரங்கூன், ரங்குன், ராங்கூன், ரங்கும். சாமி பேரு மாதிரி. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

கோபி தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை வாங்கி நான்தான் பேசினேன். புதைத்த இடத்தில் பலகை நட்டிருக்கிறார்களாம், தெட் பைங் என்று எழுதி. அதை மாற்றவும் முடியாது, அங்கே போகவும் முடியாது. நாலு மாடி ஏறி ரேவதியிடம் சொன்னதும் நான்தான். அந்தப் படிகளை இன்றைக்கும் என்னால் நிம்மதியாக ஏற முடியவில்லை.

சரியாகத்தானே சொன்னீர்கள் என்று அவரிடம் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிள்ளையே சொன்னானே, சிரித்தானே. அவர் தலையாட்டுவார். நெஞ்சு கேட்க வேண்டாமா? சாகப்போகிற பிள்ளையின் காதில் கடைசியாக விழுந்த அப்பா குரல் அதுதான்.

இப்போது மறுபடி ஒன்றிரண்டு டூரிஸ்டுகள் வருகிறார்கள் என்று பழைய கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. லத்தாவிலிருந்து வந்ததும் என் கடை ஸ்டூலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். யார் கூப்பிட்டாலும் எடுக்கிறார். கட்டடத்தில் பயப்படுகிறார்கள். எல்லோரையும் மாட்டிவிடப் போகிறார் என்று மூன்றாம் மாடிக்காரர் என்னிடம் வந்து சத்தம் போட்டார். எனக்கும் பயம்தான். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிடுங்கிக்கூட வைத்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று கேஸ் சிலிண்டர் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். ஞீ ஞீ என்பவர் வீடுதானே என்று கேட்டார்கள். அந்தப் பெயரில் எங்கள் கட்டடத்தில் யாரும் இல்லை.

"ஆமாங்க, நான் அவன் அப்பாதான் பேசறேன்" என்றார் கோபி. "இப்ப ஜுரம் எப்படி இருக்கு?"