ஓய்வு நாளும் ஒரு செம்புத் தண்ணீரும்

அறுபது தாண்டியவள் ஜிம்முக்குப் போனால் தெருவில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். மலையாள தேசத்தில், எங்கள் கரமனைத் தெருவில் நாலு பேரோடு நிற்கவில்லை. மாமி பிள்ளையிடம் ஃபாரின் போகிறாள், அதற்குத்தான் இளைக்கிறாள் என்றுகூடக் கதை வந்தது. நான் இளைக்கப் போகவில்லை. என் கணவரைத் தூக்கப் போனேன்.

பக்கவாதம் வந்ததில் அவருக்கு இடது பக்கம் பலம் போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, எதற்கும் ஒருவர் அணைத்து எழுப்ப வேண்டும். எப்படிப் பிடித்து எழுப்புவது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கான பலத்தை யார் கொடுப்பார்கள்? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை ஓர் ஆளை ஏற்பாடு செய்தான். கூச்சத்தில் இவர் அந்த ஆளிடம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போறும்டி எனக்கு" என்றார். அதற்குப் பிறகு ஆள் எதற்கு?

ஆனால் என் முதுகு அப்படி நினைக்கவில்லை. காலேஜில் வாலிபால் ஆடியவள்தான் நான். கல்யாணத்தோடு பந்து போயிற்று. அப்புறம் கவர்ன்மென்ட் ஆபீஸில் ஃபைலைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் மலையாளி, என் பிள்ளையைவிடச் சின்னவள். "ஆன்ட்டி, மஸில் வளருன்னது ஜிம்மிலல்ல, உறங்கும்போழா" என்பாள். தூங்கும்போதுதான் தசை வளருமாம், கனம் தூக்குவது பாதி வேலைதானாம். நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மறுநாள் உடம்பைச் சும்மா விடுவது மீதிப் பாதியாம். இந்த வயதில் அந்த மீதிப் பாதிதான் முக்கியமாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் குளியல், விளக்கு, அவருக்குக் காபி, இட்லி, பிறகு சமையல். என் தட்டு என் முன்னால் வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அவருக்கு முன்னால் நான் சாப்பிட்டதே கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. வாரத்துக்கு வாரம் தெம்பு கூடும் என்று பார்த்தால், கை நடுங்கத்தான் தொடங்கியது. வயசாகிவிட்டது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் ஏகாதசியன்று ஜிம்முக்குப் போய்விட்டு வந்து அவரை எழுப்பினேன். பாதியில் என் முழங்கால் மடங்கிவிட்டது. நல்ல காலம், விழவில்லை. இருவரும் கட்டிலை ஒட்டிச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"கார்த்தால ஏதாவது சாப்பிட்டியோ?" என்றார்.

"ஏகாதசியாக்கும்."

"ஏகாதசியும் அதுவுமா குண்டு தூக்கச் சொல்லி எந்தப் பெருமாள் சொன்னார்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த வீட்டுக்காரர் வந்து தூக்கிவிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளிலிருந்து அவர் பிடிவாதம் தொடங்கியது. நான் சாப்பிடாமல் அவர் காபியைக்கூடத் தொடமாட்டார். ஜிம்மிலிருந்து வந்ததும் அவர் கண்முன்னே புழுங்க வைத்த நேந்திரம்பழமோ, சுண்டலும் தயிருமோ சாப்பிட்டாக வேண்டும். ஓய்வு நாளில் மத்தியானம் நான் படுத்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் சத்தத்தைக் குறைத்ததில்லை. கை நடுக்கம் நின்றது. அவரைத் தூக்கும்போது என் மூச்சு என்னிடமே இருந்தது.

ஓய்வு நாட்களில் அவர் என்னை அதிகம் கூப்பிடுவதும் இல்லை. உடம்பு தேறிவருகிறது என்று பெருமாளுக்கு நன்றி சொன்னேன்.

கும்ப மாசம், அதாவது மாசி வெயில். கொல்லையில் எல்லாச் செடியும் தலை தொங்கிக் கிடக்க, அவருடைய கட்டிலை ஒட்டிய சன்னலுக்குக் கீழே இருக்கும் செம்பருத்தி மட்டும் பூவாகப் பூத்துத் தள்ளியது. ஓர் ஓய்வு நாளில் அங்கே பூப்பறித்துக்கொண்டிருந்தேன். சன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை வெளியே வந்தது. கையில் செம்பு. நான் அவர் குடிக்க வைத்துவிட்டு வந்த தண்ணீர் மொத்தமும் செடிக்குப் போயிற்று.

பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்ன பண்றேள் நீங்க?"

மாட்டிக்கொண்ட முகத்தோடு பார்த்தார். "குடிச்சா பாத்ரூம் வரும், நீ என்னைத் தூக்கணும். இன்னிக்கு உனக்கு ரெஸ்டோன்னோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களைத் தூக்கறதுக்குத்தானே இத்தனை கூத்தும்! நீங்க தொண்டை காஞ்சு கெடந்தா நான் யாருக்காகக் குண்டு தூக்கணும்?" தெருவுக்கே கேட்டிருக்கும். கத்தி முடித்து, அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். என் தலையை நல்ல கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஜிம்மில் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பது இல்லை ஆன்ட்டி, மெல்ல அசைந்தால் வலி சீக்கிரம் விடும், அங்கிளும் நல்ல காலை ஊன்றி உந்தினால் உங்களுக்குப் பாரம் பாதிதான் என்றாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீரை அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.

இப்போது ஓய்வு நாளில் அவர்தான் எண்ணுகிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்றில் அவர் உந்துவார், நான் இழுப்பேன். இருவரும் நின்றுவிடுவோம்.

நேற்று அப்படி நின்றபடியே சன்னல் வழியாகப் பார்த்தேன். செம்பருத்தி இலை சுருண்டு வாடிக் கிடந்தது. வாடிய செடியைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.