கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் சட்டென்று நின்றது. கூடவே, "அம்மாடி!" என்று ஒரு முனகல்.

முன்னறையில் நின்றிருந்த ஊசியக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பதறாதீங்க, என் மருமகதான்," என்றாள் காய்கறி வண்டி தள்ளிவிட்டு அப்போதுதான் வந்திருந்த மாமியார். "ஸ்டூல விட்டு எழுந்திருக்க மகாராணிக்கு ஊரே திரண்டு வரணும். முப்பது வயசுல மூட்டு வலியாம்! எல்லாம் நடிப்பு. என்னைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

ஊசியக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

பத்தொன்பது வருடங்களாகப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள் அவள். அதனால்தான் வட்டாரம் முழுக்க அந்தப் பெயர். நரம்பே தட்டுப்படாத கையை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். ஒரே குத்து, குத்தியது தெரிவதற்குள் பஞ்சு. ரத்தம் பிடித்த குழாயில் பெயரை ஒட்டி, அதை அந்த ஆளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்ன பிறகுதான் பெட்டியில் வைப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு குழாய்கூட மாறியதில்லை.

அப்படிப்பட்டவள் மேல்தான் அன்று காலை பழி விழுந்தது!

வட்டாரத்து மக்களின் உடம்பில், வெயில் பட்டால் உண்டாகும் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று ஓர் ஆய்வு. செங்கல் சூளையில் வேலை செய்பவர்களுக்கு முப்பதுக்கு மேல். அலுவலகக்காரர்களுக்குப் பதினைந்து. இந்தத் தையல் தெருவில் மட்டும் நாற்பது பேரில் ஒருவர்கூடப் பத்தைத் தொடவில்லை. ஆனால் 'தினமும் எத்தனை மணி நேரம் வெயிலில்?' என்ற கேள்விக்கு நாற்பது பேரும் எழுதியிருந்த பதில், ஆறு.

"குழாயை மாத்திட்டீங்க," என்றார் ஆய்வு அதிகாரி. "நாப்பதையும் தூக்கிப் போடப் போறேன். நீங்களும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

சாயங்காலம் வரை அவகாசம் கெஞ்சி வாங்கிக்கொண்டுதான் இங்கே வந்திருந்தாள்.

உள்ளே போனாள். சுவரளவு கண்ணாடி ஜன்னல். அதை ஒட்டி மெஷின். மருமகளின் ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் கறுத்திருந்தது.

"ஆறு மணி நேரம்னு எழுதினியே கண்ணு, நிஜமாவா?"

"ஆமாக்கா. ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் இதே இடம்தான். பாருங்க, வெயில் மடியிலேயே விழுது. வெளிச்சம் வேணும்னு இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் இதே மாதிரி கண்ணாடிதான்."

"திறக்கவே மாட்டீங்களா?"

"தூசி பட்ட துணியை யாருக்கா வாங்குவா?"

ஊசியக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. அவள் கண்கள் நிரம்பின.

"நீயும் பொய் சொல்லலைடா. என் குழாயும் பொய் சொல்லலை."

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். தோல்ல அந்தச் சத்தை உண்டாக்குற கதிரை மட்டும் விடாது. நாப்பது பேரும் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து வெயில் காயறாங்க!"

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம். பிறகு, "படிவத்துல அதை நாம கேக்கவே இல்லையேம்மா," என்றது தணிந்த குரல். "ஒண்ணையும் தூக்கிப் போடலை. நாப்பது பேருக்கும் டாக்டரை அனுப்பறேன். நாளைக்கு வந்துடுங்க. காலையில பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ... இவ நடிக்கலையா?"

"எலும்புக்குச் சத்து இல்லம்மா. வலிக்காம என்ன செய்யும்? தினமும் வண்டி தள்ளுறீங்களே, அந்த வெயில்தான் உங்களைக் கல்லாக்கி வெச்சிருக்கு."

"மனசையும் சேர்த்து ஆக்கிடுச்சு போல," என்று முணுமுணுத்த கிழவி, மருமகளின் அக்குளில் கைகொடுத்து ஸ்டூலிலிருந்து தூக்கினாள்.

"என்ன அத்தை இது, ஊர் இன்னும் திரளலையே?" என்றாள் மருமகள், வலிக்கு நடுவிலும்.

"வாயைப் பாரு! வாய்க்கு மட்டும் சத்துக் குறைச்சலே இல்ல."

ஊசியக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மருமகள் வாசலில் சுவரைப் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தாள். மாமியாரும் வெளியே வந்து, அவள் மறுபடி உள்ளே போய்விடாதபடி கதவை இழுத்துச் சாத்தினாள்.